யாரப் பாத்து?

பதினோரு வருடம்
ருக்மாங்கதனுக்கு நான் பெண்டாட்டி.
ஒரு தடவைக்கு இருபது விநாடி.
தினமும் ஆறு தடவை,
அதில் இரண்டு காலைச் செய்திக்கு முன்னால்.

தருமபுரி நாலு ரோட்டில், செருப்புக்கடை மாடியில்,
முட்டை அட்டை ஒட்டிய அறை எங்கள் குடித்தனம்.
சத்தம் மைக்கில் ஏறுமென்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள்.
அவன் பனியனோடு நிற்பான்.
நான் முந்தானையால் விசிறிக்கொண்டே கூப்பிடுவேன்:

"ஏங்க, குக்கர் விசிலடிக்குது!"
"யாரப் பாத்து?"

அவ்வளவுதான்.
அப்புறம் ஒரு விநாடி சும்மா விடுவோம்.
அந்தச் சும்மாவில்தான்
பாலக்கோட்டில் தக்காளி தரம் பிரிக்கிறவள்
கூடையை வைத்துவிட்டுச் சிரிப்பாள்,
சவரக்கடையில் கத்தி ஒரு மயிரிழை நின்று நகரும்.
பிறகுதான் கடையின் பெயர்.

திம்மராயப்பா பாத்திர மாளிகை.
முதலாளி சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.
எழுதியதைப் படித்துவிட்டு
"இதுல பாத்திரம் எங்கப்பா?" என்பார்.
சாயங்காலம் உறையில் ஐம்பது ரூபாய் கூட இருக்கும்.
குக்கர் கம்பெனியின் பெயர் யாருக்கும் நினைவில்லை.
"அந்த யாரப்பாத்து குக்கர் ஒண்ணு குடுங்க"
என்று கேட்டு வாங்கிப் போனார்கள்,
அஞ்சு லிட்டர், மூணு லிட்டர்.

மகன் ஹரிப்ரசாத் பெங்களூரில் படித்து வந்தான்.
நல்ல பையன், வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவான்.
"ஜோக்குக்கே நாலு விநாடி போகுதுங்க்கா,
அதுல ரெண்டு போன் நம்பர் சொல்லலாம்."
முதலில் சும்மாவை எடுத்தான்.
அடுத்த தீபாவளிக்கு விசிலை,
வேறு அர்த்தம் வருமாம்.
விசில் போனபின் யாரப் பாத்து என்று
ருக்மாங்கதன் எதைக் கேட்பான்?
அவனும் போனான்.

இப்போது கடை தீப்பிடித்ததுபோல்
சென்னையிலிருந்து ஒரு குரல் கத்துகிறது:
மாபெரும் மாபெரும் மாபெரும்.
எனக்கு வால் மட்டும்.
"நிபந்தனைகளுக்கு உட்பட்டது, இருப்பு உள்ளவரை மட்டுமே."
மூன்று விநாடியில் படித்துக் கொடுப்பேன்,
கம்ப்யூட்டர் அதை ஒன்றாக நசுக்கும்.
கேட்டுப் பார்த்தேன்.
பெருச்சாளி மூட்டைக்கடியில் மாட்டியதுபோல் ஒரு கீச்சு.
மொத்த விளம்பரத்திலும் சிரிப்பு வருவது அங்கேதான்,
அதை யாரும் எழுதவில்லை.

ருக்மாங்கதன் குரல்
வெங்காய ஆட்டோவில் ஏறி எங்கள் தெருவுக்கே வருகிறது.
அவன் வருவதில்லை, பதிவு செய்த குரல்தான்.
"நாலு கிலோ நூறு ரூபா, வாங்கம்மா, வாங்கக்கா."
பையோடு நான் நிற்கிறேன்.
சொந்தப் பெண்டாட்டியை
அக்கா என்கிறான் பாவி.

போன செவ்வாய்க்கிழமை பென்னாகரம் பஸ்.
இண்டூரில் ஒரே ஏற்றம், புளி மூட்டை, ஆட்டுக்குட்டி,
யாரோ மடியில் வைத்திருந்த டேபிள் ஃபேன்.
கண்டக்டர் விசிலடித்தார்.
பின்சீட்டிலிருந்து ஒரு பையன்,
மீசை இன்னும் முடிவு செய்யாத வயது:
"யாரப் பாத்து?"

எங்கள் விளம்பரம் நின்றபோது
அவனுக்குப் பால்பல் விழுந்திருக்காது.
எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குப் போய்
அவனிடம் வந்ததோ.

கண்டக்டர் திரும்பவேயில்லை,
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"டிக்கெட் எடுக்காதவங்களப் பாத்து!"

பஸ் சிரித்தது.
டேபிள் ஃபேன் மடியில் குலுங்கியது.
பழக்கதோஷம், நான் எண்ணினேன்.
ஒன்பது விநாடி.
ஒரு போன் நம்பர் இல்லை, நிபந்தனை இல்லை,
யாரும் காசு கட்டவில்லை.
பதினோரு வருடத்தில் எங்களுக்கு வராத பதில் வரி அது.
ருக்மாங்கதன் கேட்டிருந்தால்
பொறாமையில் பனியனைக் கிழித்திருப்பான்.

சிரிப்பு அடங்குவதற்குள் கண்டக்டர்
என் பக்கம் வந்து நின்றார்.

நானும் எடுத்திருக்கவில்லை.